அரிசி டிரம்முக்குள் அந்தோணியார்

மே 9, செவ்வாய்

ஏ பூந்தி,

உனக்குத்தான் எழுதுறேன். அஞ்சாங்கிளாஸோட கீழ வச்ச பேனாவை இன்னைக்குத்தான் மறுபடி எடுக்கிறேன். தப்பு இருக்கும். உனக்கு வாசிக்கத் தெரியாதுங்கிறதால பயமில்ல.

எழுதச் சொன்னது கான்வென்ட் பெனிட்டா சிஸ்டர். நீ போனதுலருந்து நான் மீன் கழுவும்போது உன்கூடச் சத்தமா பேசுறேன்னு அடுத்த வீட்டு லில்லி அக்கா போய்ச் சொல்லிட்டா. நான் அப்படி என்ன பேசினேன்? "சாளை நல்லா வந்திருக்கும்மா, உனக்கு ரெண்டு பொரிக்கவா"ன்னு கேட்டேன். லில்லி அக்கா சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு "எனக்கு மூணு"ன்னா. கேட்டது அவளை இல்லன்னு தெரிஞ்சதும் செருப்புகூடப் போடாம கான்வென்டுக்கு ஓடியிருக்கா.

சிஸ்டர் ஒரு டைரி குடுத்தாங்க. "சொல்லணும்னு தோணுறதை எல்லாம் இதுல எழுது சீலி. உன் மனசு ஆறும். லில்லியும் நிம்மதியா இருப்பா"ன்னாங்க. போன வருஷ டைரி. தேதி சரி, கிழமை தப்பு. அடிச்சு அடிச்சு எழுதுறேன்.

பூந்தின்னு கூப்பிட்டதுக்குக் கோவிக்காதம்மா. நம்ம இன்னாசி அண்ணன் மக ஜெனிஷா வச்ச பேருதான. செவ்வாய்க்கிழமை பூசை முடிஞ்சு முந்தானையில பூந்தியை முடிஞ்சு கொண்டு வருவ. பிள்ளை நீதான் பூந்தின்னு நினைச்சிட்டா. அப்புறம் வீடே கூப்பிட்டுது. பங்குசாமிகூட அடக்கப் பூசையில "வியாகுலம்மாள்"னு சொன்னப்ப ஜெனிஷா "அது யாரு"ன்னு கேட்டுட்டா.

மே 11, வியாழன்

பேக்கரிக்குப் போனேன். மக்ரூனுக்கு முட்டை உடைச்சேன். வெள்ளைக்கரு தனியா, மஞ்சக்கரு தனியா. வந்தேன். வெயில்.

மே 13, சனி

சாயங்காலம் இன்னாசி அண்ணன், மைனி, ஜெனிஷா மூணு பேரும் ஜெபமாலை சொல்ல வந்தாங்க. நீ இல்லாம ஜெபமாலை ஓடவே மாட்டேங்குது. நீ சொன்னா எக்ஸ்பிரஸ். அந்த வேகத்துலயும் "ஏட்டி பால் பொங்குது பாரு", "இன்னாசி காலை ஆட்டாத"ன்னு நடுவுல சொருகிருவ. மாதா ஒருநாளும் கோவிச்சதில்ல. இன்னைக்கு அண்ணன் முன்னால சொன்னார். அவர் பாஸஞ்சர். ரெண்டாம் பத்துல ஜெனிஷா தூங்கிட்டா, மூணாம் பத்துல மைனி. அண்ணனே நடுவுல ஒரு தடவை "ஆமென்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போகப் பார்த்தார்.

நாலாம் பத்து வந்ததும் என் கையில மணி நகரல. அன்னைக்கு நீ அங்கதான நிறுத்தின. நான் பதில் சொல்லிட்டு உக்காந்திருக்கேன், நீ அடுத்ததைத் தொடங்கல. நான் கொட்டாவி விட்டுக்கிட்டே சொன்னதுக்குத்தான் கோபம்னு நினைச்சு, இன்னொரு தடவை நல்லாத் தெளிவா சொன்னேன்.

சரி. குழம்பு மிச்சம் இருக்கு. சூடு பண்ணணும்.

மே 16, செவ்வாய்

நம்ம தெருக் குருசடிக் கோயில் கமிட்டித் தலைவர் சந்தியாகு அண்ணாச்சி வந்தார். ஜூன் பதிமூணு அந்தோணியார் திருநாள். இந்த வருஷம் திருநாளும் அவருக்குரிய செவ்வாய்க்கிழமையும் ஒண்ணா வருது. பெரிய சப்பரமாம், லைட்டாம், அசனச் சாப்பாடாம்.

"எல்லாம் இருக்கு. சாமி எங்கம்மா?"ன்னு கேட்டார்.

"குருசடியிலதான அண்ணாச்சி?"

"உனக்குத் தெரியாதா? தபசு காலத்துல ஊதாத் துணி போட்டு மூடினோம். ஈஸ்டருக்குத் துணியை உருவினா உள்ள ஊறுகாய் ஜாடி நிக்குது. நாங்க அதுக்கு மாலை வேற போட்டிருக்கோம். உங்கம்மாட்ட கேட்டா, 'அவரைப் பெயிண்டுக்குக் குடுத்திருக்கேன், இடம் மொட்டையா இருக்க வேண்டாம்னு இதை வச்சேன்'னு சொல்லிச்சு. சாவி அது இடுப்புலதான் இருந்துச்சு. யார் என்ன பேச முடியும்?"

எலுமிச்சங்காய் ஜாடி. நான் வீடெல்லாம் தேடின ஜாடி!

போகும்போது வாயைத் திறந்து கடவாப்பல்லைக் காட்டினார். உன் அடக்கத்தன்னைக்கு நம்ம வீட்டுச் சோத்துல நண்டுக் கால் கிடந்து பல்லு போச்சாம்.

"ரசஞ்சோத்துல எப்படி அண்ணாச்சி நண்டு வரும்?"

"அதைத்தான் நானும் ஊரெல்லாம் கேட்டுட்டு இருக்கேன்." காகிதத்துல மடிச்சு சட்டைப் பையிலயே வச்சிருக்காராம். எடுத்துக் காட்ட வந்தார். சாப்பாட்டு நேரம், வேண்டாம்னுட்டேன்.

மே 17, புதன்

வேலை முடிஞ்சு பெயிண்டர் தொம்மை கடைக்குப் போனேன். நீதான் என்னை அடிக்கடி அங்க அனுப்புவியே, கொழுக்கட்டையைக் குடு, குழம்பைக் குடுன்னு. "பொண்டாட்டி இல்லாத மனுசன், சூசையப்பர் மாதிரி அமைதி, மூக்குகூட சூசையப்பர் மூக்கு"ன்னு சொல்லுவ. சூசையப்பர் மூக்கை நீ எங்க பார்த்த?

கடைக்குள்ள கால் வைக்க இடமில்ல. ஒரு பக்கம் இசக்கியம்மன், ஒரு பக்கம் மிக்கேல் சம்மனசு, நடுவுல பல் டாக்டர் போர்டு. எல்லாருக்கும் கண்ணு மட்டும் பாக்கி. போர்டுக்கும் பல்லு பாக்கி.

"எங்க குருசடி அந்தோணியார் எப்படி இருக்கார்?"னு கேட்டேன்.

அவர் பிரஷ்ஷைப் பார்த்துக்கிட்டே, "காய்ஞ்சிட்டு இருக்கார்"ன்னார்.

"பார்க்கலாமா?"

"காத்து பட்டா ஒட்டிக்கும்."

டீ வாங்கிக் குடுத்தார். பேக்கரியில குடுத்த உடைஞ்ச மக்ரூன் பையில இருந்துச்சு, குடுத்தேன். ஒண்ணொண்ணா எண்ணெய் விளக்கு ஏத்துற மாதிரி மெதுவா சாப்பிடுறார். காதுல மஞ்சப் பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சு, சொல்லல.

மே 20, சனி

டிரம் மூடி மேல உக்காந்துதான் இதை எழுதுறேன்.

காலையில சோத்துக்கு அரிசி எடுக்க டிரம்மைத் திறந்தேன். அடக்கத்தன்னைக்கு அள்ளினது போக அரிசி பாதிக்குக் கீழ போயிருச்சு. நடுவுல வட்டமா ஒண்ணு தெரிஞ்சுது. உன் பழைய படின்னு நினைச்சு இழுத்தேன். வரல. ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். பீடம் வந்துச்சு, பாதம் வந்துச்சு, அங்கி வந்துச்சு, கடைசியில அந்தோணியார் மூக்கு நிறைய அரிசியோட என்னைப் பார்த்தார்.

நான் போட்ட சத்தத்துக்கு லில்லி அக்கா சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து "யாரு வந்திருக்கா"ன்னா. "பல்லி"ன்னுட்டேன். அந்தோணியாரே, மன்னிக்கணும்.

அப்படியே மறுபடி தலைகீழாவே உள்ள விட்டு மூடியைப் போட்டுட்டேன். மூடி மேல நானே ஏறி உக்காந்துட்டேன்.

ஏ பூந்தி, உன் வழக்கம் எனக்குத் தெரியும். கேட்டது கிடைக்கலன்னா அந்தோணியாரைத் தலைகீழா வைப்ப. அதுக்குன்னு வீட்டுல ஒரு சின்னச் சுரூபம் இருக்கே. பாவம், அது நின்ன நாளைவிடக் கவுந்த நாள்தான் அதிகம். என் கம்மல் தொலைஞ்சதுக்கு அதைக் கிணத்தடியில கவுத்த. ஜெனிஷாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப செருப்பு ஸ்டாண்டுல கவுத்த. இப்ப பொது சாமியையே பூட்டைத் திறந்து தூக்கிட்டு வந்து அரிசிக்குள்ள அமுக்கியிருக்கன்னா, நீ கேட்டது சின்ன விஷயமா இருக்காது.

நிமித்தவும் எனக்குப் பயம். "கேட்டதைத் தராம நிமித்திட்டா அவரு தப்பிச்சோம் பிழைச்சோம்னு போயிருவாரு. அப்புறம் அந்தக் காரியம் நடக்கவே நடக்காது"ன்னு நீதான சொல்லுவ. அப்பா குடை அப்படித்தான் போச்சு. மைனி பாவம் பார்த்து நிமித்திட்டா. அப்பா கடைசி வரைக்கும் நனைஞ்சார்.

திருநாளுக்கு அவர் நிமிர்ந்து நிக்கணும். நீ கடைசியா கேட்டது கிடைக்காம அவரை எப்படிம்மா நிமித்துறது? என்ன கேட்டன்னே தெரியலையே.

மே 21, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போய் ரகசியமா சொன்னேன். அண்ணன் உடனே தலையைத் தடவினார்.

"எனக்கு முடி வளரணும்னு கேட்டிருக்கும். அம்மாவுக்கு நான் சொட்டையானது தாங்கல. குருசடி விளக்கு எண்ணெயைக் கொண்டு வந்து தேய்ச்சு விட்டுச்சே."

மைனி சிரிச்சா. "ஆமா, உங்க தலைக்கு அந்தோணியாரைக் கவுப்பாங்களா? அவருக்கே நடுவுல முடி கிடையாது. எனக்கு அடுத்தது ஆம்பளப் பிள்ளை வேணும்னு கேட்டிருப்பாங்க."

"பூந்தி எனக்குப் பல்லு முளைக்கத்தான் கேட்டாங்க"ன்னு ஜெனிஷா ஓட்டைப் பல்லைக் காட்டினா. "பிராமிஸ்."

மூணு பேரும் சண்டை. நான் டீ போட்டுக் குடுத்தேன். எனக்காகக் கேட்டிருக்க மாட்ட. எனக்கு என்ன குறை? வேலை இருக்கு. வீடு இருக்கு. என் வீட்டுக்காரர் ராயப்பு லாரியோட போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, எல்லாம் பழகிருச்சு.

மே 24, புதன்

தொம்மை கடைக்குப் போய் நேராவே கேட்டேன். "காய்ஞ்சிட்டாரா?"

"இன்னும் ஒரு கோட்டு பாக்கி."

"எங்க வீட்டு அரிசிக்குள்ளயா அடிக்கிறீங்க கோட்டு?"

பிரஷ் கீழ விழுந்துச்சு. பல் டாக்டர் போர்டுல பல்லுக்குப் பதிலா கோடு விழுந்துச்சு.

"அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க"ன்னார். "யார் கேட்டாலும் காய்ஞ்சிட்டு இருக்கார்னு சொல்லுன்னாங்க. மாதா மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

"எதுக்காகக் கவுத்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"என்னன்னு சொல்லுங்க."

"அதுக்கும் சத்தியம் வாங்கிட்டாங்க."

காது ரெண்டும் செவசெவன்னு ஆயிருச்சு. இந்தத் தடவை பெயிண்ட் இல்ல. நான் கோபமா வந்துட்டேன். வர்ற வழியிலதான் ஞாபகம் வந்துச்சு, மக்ரூன் பையை அங்கயே வச்சிட்டேன். உடைஞ்சது இல்லாததால முழுசா இருந்ததைக் கொண்டு போயிருந்தேன்.

மே 28, ஞாயிறு

உனக்கு முப்பதாம் நாள் பூசை. பூந்தி குடுத்தோம். நான் அழல. லில்லி அக்கா எனக்கும் சேர்த்து அழுதா. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு"ன்னு யார்கிட்டயோ சொன்னா.

ஒருவேளை எதாவது தொலைஞ்சதைத்தான் கேட்டியோன்னு வீட்டைக் கவுத்துப் போட்டுத் தேடினேன். அண்ணனும் மைனியும் கூட. இட்லிக் கொப்பரை மூடி கிடைச்சுது. ஜெனிஷாவோட ஒத்தைக் கொலுசு கிடைச்சுது. உன் மூக்குக்கண்ணாடி உன் பைபிள் மேலயே இருந்துச்சு. வாசிக்கத் தெரியாம எதுக்குடி கண்ணாடின்னு நான் கேட்டா, "படம் பார்க்க"ன்னு சொல்லுவ.

ஒண்ணொண்ணு கிடைக்கும்போதும் டிரம் மூடியைத் திறந்து, "இதுவா?"ன்னு கேட்டோம். அவர் பாதம் அப்படியே இருந்துச்சு. கடைசியில அப்பாவோட குடை கிடைச்சுது. பரண்ல, கூரைக் கட்டைக்கு இடையில. நாங்க மூணு பேரும் டிரம்மைத் திரும்பிப் பார்த்தோம்.

"தராமத் தப்பிச்சவர் இல்லட்டி. லேட்டா தர்றவர்"ன்னார் அண்ணன். குடையை விரிச்சார். கம்பி மட்டும்தான் இருந்துச்சு.

மே 30, செவ்வாய்

விடிஞ்சதும் கோயில் மணி கேட்டு, உன்னை எழுப்பப் போனேன். பாயைத் தட்டிட்டேன்.

ஜூன் 1, வியாழன்

பெரிய ஆபத்து.

இருக்கிற அரிசியைச் சாக்குல கொட்டிட்டு அவரைத் துடைக்கலாம்னு தலைகீழாவே தூக்கினேன். கையில இருக்கிற குழந்தை சேசுவைப் பார்த்தா வலது கையைக் காணோம். மணிக்கட்டோட இல்ல. ஆசீர்வாதம் குடுக்கிற கை. அரிசியை முறத்துல போட்டுப் புடைச்சேன். ரெண்டு தடவை. மூணு தடவை. வண்டு வந்துச்சு, கை வரல.

அடக்கத்தன்னைக்கு லில்லி அக்காதான் படியை உள்ள விட்டு மண்ணு வெட்டுற மாதிரி வெட்டி அள்ளினா. ஐயோ சேசுவே, உம்ம கையை நாங்க வேக வச்சிட்டோமா? யார் வயித்துல போய் ஆசீர்வாதம் குடுக்குதோ!

ஜூன் 4, ஞாயிறு

குருசடியில கமிட்டிக் கூட்டம். சப்பர லைட், மேளம், அசனத்துக்கு எத்தனை மூட்டை, எல்லாம் பேசினாங்க. சாமியைப் பத்திப் பேச்சு வந்ததும் நானும் தொம்மையும் ஒரே நேரத்துல "காய்ஞ்சிட்டு இருக்கார்"னு சொன்னோம். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. லில்லி அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தா.

"இந்த அசனத்துக்காவது அரிசியைப் பார்த்துக் களைங்கப்பா"ன்னு சந்தியாகு அண்ணாச்சி எந்திரிச்சார். "துக்க வீட்டுல எனக்கு வந்தது யாருக்கும் வரக் கூடாது." பையில இருந்து காகிதத்தை எடுத்துப் பிரிச்சு உள்ளங்கையில வச்சு நீட்டினார்.

புளியங்கொட்டை அளவு. வெந்து, வெளுத்து. ரெண்டு விரல் நீட்டி, மத்த விரல் மடக்கி.

அது குழந்தை சேசுவோட கை. கையைத் தூக்கி ஊருக்கே ஆசீர்வாதம் குடுக்குது, அவர் உள்ளங்கையில நின்னு. அவர் "நண்டுக் கால், நண்டுக் கால்"ங்கிறார்.

தொம்மை நேராப் போய் அதை எடுத்துக்கிட்டார். "குடுங்க அண்ணாச்சி. இது என்ன நண்டுன்னு நான் படகுக்காரங்ககிட்ட விசாரிக்கிறேன்."

"நல்லா விசாரி. கடிச்சா உடைய மாட்டேங்குது. நாட்டு நண்டு கிடையாது."

தொம்மை குனிஞ்சு, யாருக்கும் தெரியாம அதுக்கு முத்தம் வச்சு சட்டைப் பையில போட்டதை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். சாளை கருகிப் போச்சு.

ஜூன் 6, செவ்வாய்

தொம்மை நம்ம வீட்டுக்கே பெயிண்ட் டப்பாவோட வந்தார். கடைக்குக் கொண்டு போனா தெருவே பார்க்கும். நான் ஒரே கண்டிஷன் சொன்னேன், நிமித்தக் கூடாது.

"தலைகீழா எப்படிங்க பெயிண்ட் அடிக்கிறது?"

"அம்மா கேட்டது கிடைக்கல. கிடைக்காம நிமித்தினா போச்சு. உங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியுமே, நடக்க வேண்டாமா?"

அவர் பெயிண்ட் டப்பாவைக் கீழ வச்சார். அப்புறம், "நடக்கணும்ங்க"ன்னார். அவ்வளவு உறுதியா அந்த மனுசன் எதையும் சொல்லி நான் கேட்டதில்ல.

ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல பீடத்தைக் கயிறு போட்டுக் கட்டி அவரைத் தொங்க விட்டோம். தொம்மை தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டு முகத்துக்குப் பெயிண்ட் அடிச்சார். ஒவ்வொரு சொட்டும் அவர் முகத்துலயே விழுந்துச்சு. ஜெனிஷா பக்கத்துல உக்காந்து, "மாமா, உங்களுக்கும் அந்தோணியாருக்கும் ஒரே கலரு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

கையை ஒட்ட வச்சாச்சு. ஒட்டினது தெரியவே இல்ல. இவர் கைக்கு நல்ல நிதானம்.

சாப்பிடச் சொன்னேன். மிச்சமாகிரும்னுதான் சொன்னேன்.

ஜூன் 8, வியாழன்

அங்கிக்கு ரெண்டாம் கோட்டு. முழு மக்ரூன் வாங்கிட்டு வந்தேன். பிள்ளைக்குத்தான்.

ஜூன் 10, சனி

லில்லி அக்கா சுவத்துக்கு மேல தலையை நீட்டி, "என்னளா, தினமும் பெயிண்டர் வர்றார், வீட்டுச் சுவரு மட்டும் அப்படியே இருக்கு?"ன்னு கேட்டா.

"ஜன்னலுக்கு"ன்னேன்.

"உங்க வீட்டுல ஜன்னலே ஒண்ணுதானடி."

"அதுக்குத்தான் நல்லா அடிக்கிறார்."

அவ சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கல. உள்ள வந்து கண்ணாடி பார்த்தேன். கன்னத்துல பெயிண்ட் இருந்துச்சு. எப்படி வந்துச்சோ.

ஜூன் 11, ஞாயிறு

நீ எடுத்துக் குடுத்த நீலச் சேலையைக் கோயிலுக்குக் கட்டினேன். மைனி "என்ன விசேஷம்"ன்னா. ஞாயிறுதான் விசேஷம்னேன்.

ஜூன் 12, திங்கள்

நாளைக்குத் திருநாள். விடிஞ்சதும் அண்ணாச்சி வந்து அவரைத் தூக்கிட்டுப் போயிருவார். இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் அவர் நம்ம வீட்டுல தலைகீழாத்தான் தொங்கினார். கண்ணு எழுதியாச்சு. புருவம் எழுதியாச்சு. அங்கிக் கடைசிக் கோட்டுதான் இன்னும் காயல. தலைக்கு ரத்தம் ஏறின மாதிரி முகம் மட்டும் ரொம்பச் சிவப்பு. மல்லாக்கப் படுத்து அடிச்சதுல அளவு தெரியலையாம்.

தொம்மை பிரஷ்ஷைக் கழுவிட்டு, "நிமித்திரலாங்களா?"ன்னு கேட்டார்.

"முடியாது. முதல்ல அம்மா என்ன கேட்டாங்கன்னு சொல்லுங்க. அதை என்னால நடத்த முடிஞ்சா இன்னைக்கே நடத்திருவேன். எங்கம்மா கடைசியா கேட்டதுங்க. இது வரைக்கும் அவங்க கேட்டது எதுவும் கிடைக்காம விட்டதே இல்ல. இதை மட்டும் என் கையால கெடுக்கச் சொல்றீங்களா?"

என் குரல் எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு. டீயை அவர் முன்னால டக்குன்னு வச்சேன்.

அவர் டீயைத் தள்ளி வச்சார். "அம்மா கேட்டதைச் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா நான் கேட்டதைச் சொல்லலாம்ல?"

"நீங்களுமா கேட்டீங்க?"

"அம்மா கேட்ட அதே செவ்வாய்க்கிழமைதான். அம்மா ஏத்தின மெழுகுதிரியிலதான் நானும் பத்த வச்சேன்."

"என்ன கேட்டீங்க?"

சொன்னார்.

அதை நான் இங்க எழுத மாட்டேன். ஜெனிஷா இப்ப எழுத்துக் கூட்டி வாசிக்கிறா. நேத்து என் பையில கையை விட்டு இந்த டைரியை எடுத்து "சா... ளை... கரு... கி"ன்னு சத்தமா வாசிச்சிட்டா.

நான் பதிலுக்கு என்ன சொன்னேன்னா, "டீ ஆறுது, குடிங்க"ன்னு சொன்னேன். யார் கேட்டாலும் அதான் சொன்னேன். அவர் குடிச்சார். சக்கரை போடாத டீன்னு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. முகம் சுளிக்காம முழுசையும் குடிச்சார்.

அப்புறம் எனக்கு அழுகை வந்துருச்சு பூந்தி. நீ போனதுக்கு இன்னைக்குத்தான். முக்காட்டைப் போட்டுக்கிட்டு, அந்த வெயில்ல, முட்டு வலியோட, உன் முழங்கால் உயரக் கனத்த சாமியை மடியில கட்டிட்டு நீ வந்த கோலத்தை நினைச்சேன். வழியில எத்தனை பேர் கேட்டிருப்பாங்க. எத்தனை பொய் சொல்லியிருப்ப. பாவசங்கீர்த்தனத்துல எப்படிச் சொன்ன? அன்னைக்கு நாலாம் பத்துல நின்னுட்டியே, மிச்சத்தை யாருக்காகச் சொல்ல வச்சிருந்த? அழுதேன், அழுதேன், மூக்கெல்லாம் ஒழுகுற அழுகை.

"சீலி, சீலி"ன்னார் தொம்மை. இத்தனை வருஷமா பேரே சொல்லாமத்தான் என்கூடப் பேசுவார்.

கண்ணைத் துடைச்சிட்டுப் பார்த்தா, கயிறு அவுந்து கிடக்கு. அந்தோணியார் மேஜை மேல நிமிர்ந்து நிக்கிறார். தொம்மை நிமித்தல, அவர் சுவரோரம் ஒண்டி நிக்கிறார். என் உள்ளங்கை ரெண்டுலயும் அங்கிப் பெயிண்ட்.

ஜூன் 13, செவ்வாய்

விடியக்காலையிலயே அண்ணாச்சி வந்தார். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு சாமியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார்.

"முகம் என்னப்பா இப்படிச் சிவந்திருக்கு? வெட்கப்படுற மாதிரி?"

"வெயில் காலம்ல அண்ணாச்சி"ன்னார் தொம்மை.

"இடுப்புல இது என்ன, பத்து விரல் தடம்?"

"புது டிசைன்."

"குழந்தை கை அழகா இருக்கு"ன்னார் அண்ணாச்சி. ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தார். நாக்கால கடவாப்பல்லைத் தடவினார். நான் டக்குன்னு, "டீ குடிக்கிறீங்களா அண்ணாச்சி"ன்னு உள்ள ஓடிட்டேன்.

சப்பரம் நல்லா அமைஞ்சுது. மல்லிகை, சீரியல் லைட்டு, பேண்டு செட்டு. தெரு முனையில வரும்போது ஜெனிஷா அவ அப்பா தோள்ல இருந்து, "எங்க வீட்டு அரிசி டிரம்முக்குள்ள..."ன்னு கத்தினா. மைனி அவ வாய் நிறைய பூந்தியைத் திணிச்சிட்டா. உன் பேருதான் காப்பாத்துச்சு. பேண்டுக்காரங்களும் கரெக்டா அந்த நேரம் அடிச்சாங்க. அசனத்துல லில்லி அக்கா கிட்ட வந்து உக்காந்து என் கையைத் திருப்பிப் பார்த்தா. நகத்துக்குள்ள இன்னும் பெயிண்ட் இருந்துச்சு. என் இலையில அவ அப்பளத்தை எடுத்து வச்சா.

அண்ணன் இன்னைக்குத் தலையில ஒரு முடி புதுசா முளைச்சிருக்குன்னு எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்றார்.

வீட்டுக்கு வந்து அரிசியை மறுபடி டிரம்முல கொட்டினேன். டிரம் நிறையல. அவர் இடம் அப்படியே காலியா இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் தொம்மை ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்க வர்றேன்னு சொல்லியிருக்கார். லில்லி அக்காகிட்ட சொன்னது பொய்யாகக் கூடாதுன்னு நான்தான் வரச் சொன்னேன். ஒரு ஜன்னல், எவ்வளவு நாள் ஆகிரப் போகுது.

ஏ பூந்தி, நான் இன்னும் ஆமான்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல. ஆனா அவரை நிமித்திட்டேன், என் கையாலயே. இதை அவர் நீ கேட்டதைக் குடுத்ததா வச்சுக்கலாமா, இல்ல ராத்திரி போய்த் திரும்பத் தூக்கிட்டு வந்து கவுக்கணுமா?